லூபஸும் கர்ப்பமும்
நோய் எதிர்ப்பாற்றல் உடலின் சொந்த உறுப்புகளையே தாக்கும் நோய் லூபஸ். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். இவர்கள் கருத்தரிக்கவே கூடாது என்று மருத்துவர்கள் தடுத்த காலம் உண்டு. இன்று, குறைந்தது 6 மாதம் நோய் அடங்கியிருந்தபின் கருவுறுவோரில் பெரும்பாலோர் நலமாகப் பெற்றெடுக்கிறார்கள். கல்யாணமான மறுமாதமே ‘ஏதும் விசேஷம் உண்டா’ என்று கேட்கும் ஊரில் அந்தக் காத்திருப்புதான் பெண்ணுக்குப் பெரும்பாடு.

வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதென்று அஞ்சி மாத்திரைகளைத் தானாக நிறுத்துவது மிக ஆபத்து. ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தொடர வேண்டும். மைக்கோபீனோலேட், மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றைக் கருவுறும் முன்பே மருத்துவர் மாற்றித் தருவார். கால்வீக்கம், ரத்தக் கொதிப்பு, சிறுநீரில் புரதம் மூன்றும் சேர்ந்து வந்தால், அது சூல்வலிப்பின் முன்நிலையா, சிறுநீரகத்தை லூபஸ் தாக்குகிறதா என்று பிரித்தறிவது மருத்துவருக்கே கடினம். தாயின் ரத்தத்தில் ‘ஆன்டி-ரோ’ எதிர்ப்பான் இருந்தால், 100 குழந்தைகளில் சுமார் 2 குழந்தைகளுக்கு இதயத்துடிப்புத் தடை ஏற்படலாம்.

இந்தச் சிகிச்சைக்கு, பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிப் பெண்களுக்குப் பக்கத்தில் இருப்பது பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனை. அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் லூபஸ் போன்ற நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜிக்குத் தனித்துறை உண்டு.