கடல் கடந்த வணிகரும் கருவுற்ற மகளிரும்

கருவுற்ற பெண்ணின் உடல்நலத்தைப் பேணும் அளவிற்கு அவளது உளநலத்தை நாம் பேணுவதில்லை. ஆனால் நம் முன்னோர் இதனை அறவே மறந்தவரல்லர் என்பதைக் காரைக்கால் கரையின் வரலாறு காட்டுகின்றது.

1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்காலிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி முஸ்லிம் வணிகர் பலர் சைகோன் நகர் சென்று துணி வணிகம் நடத்தினர். அந்நகரில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிலைத்துள்ளது. வணிகர் ஆண்டுக்கணக்கில் அங்கே தங்க, மனைவியர் பலர் ஊரிலேயே இருந்தனர். கணவன் அருகிலின்றிக் கருவைச் சுமப்பது இக்கரை மகளிர்க்குப் புதிதன்று.

அத்தனிமைக்குத் துணையாக நின்றவை இரண்டு: ஒன்று வழக்கம், மற்றொன்று சட்டம்.

மணமான பின்னும் மகள் தாய்வீட்டிலோ, பெற்றோர் அவளுக்களித்த வீட்டிலோ வாழ்வது தமிழகக் கடற்கரை மரைக்காயர் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இது வேரூன்றி நின்றது. பேறுகாலத்தில் தாயும் உடன்பிறந்தாளும் அருகிலிருந்தனர்.

இக்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, கணவன் தொலைவில் இருப்பதால் மனைவியின் ஜீவனாம்ச உரிமை அற்றுப்போவதில்லை. கொடுபடாத தொகை அவன்மீது கடனாக நிற்கும். மணவிலக்குப் பெற்றவள் கருவுற்றிருப்பின், பிரசவம்வரை அவளுக்குச் செலவிடுமாறு திருமறையின் அத்தலாக் அத்தியாயம் கட்டளையிடுகின்றது. இந்தியர் வழக்குகளை அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியும் தீர்க்க 1819ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணை இடமளித்தது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றிருந்தோர் நீங்கலாக, 1968இல் புதுச்சேரிப் பகுதிகளுக்கு விரிவாக்கப்பட்டது.

எனினும் வீடும் பணமும் மட்டும் போதுமா? வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, பிரசவத்திற்குப் பின் 11 விழுக்காட்டினர் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானதைக் கண்டது. வறுமை, ஆண்மகவை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறத்தல், மாமியாரோடு மட்டுமின்றிப் பெற்றோரோடும் பிணக்கு, வேலையில் கைகொடுப்பார் இன்மை ஆகியன அதற்கு ஏதுவாயின. ஆகவே தாய்வீடும் அன்பிழந்தால் அரணாகாது. பல நாடுகளில் ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கையோ, பெரும்பாலான இடங்களில் கருவுற்ற பெண்டிருள் 4 முதல் 12 விழுக்காட்டினர் அக்காலத்தில் அடிக்கப்பட்டதாகக் கூறுகின்றது. அடித்தவர் பெரும்பாலும் அக்குழந்தையின் தந்தையே!

பேறுகால வேதனையில் தனித்திருந்த மர்யம் (அலை) அவர்களுக்கு இறைவன் பேரீச்சம்பழமும் நீரும் அருளியதோடு, கவலை நீங்கிக் கண்குளிருமாறும் அறிவித்தான். உணவும் ஆறுதலும் அங்கே ஒருங்கே வந்தன. நிக்காஹ் பதிவேட்டில் மஹரைக் குறித்துவைக்கும் ஜமாஅத்துகள், அப்பெண் கருவுற்ற நாளில் அவளது நிலை யாதென விசாரித்தறிவதையும், கைநீட்டுவோனைத் தட்டிக்கேட்பதையும் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அவளுக்குத் துணைநிற்கின்றது. முன்னோர் அமைத்த அரணுக்கு உயிரூட்டுவது நம் பொறுப்பு.