நிபந்தனை நிலத்திற்குக் காவலர் யார்? பஞ்சமி நிலமும் நிலக்காப்பு உடன்படிக்கையும்

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று அஸ்தம்பட்டி. நகரம் விரிந்து கிராம நிலங்களைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும்போது, அங்கு மாறுவது நிலத்தின் விலை மட்டுமன்று. நிலத்தின் எண்ணும் மாறுகிறது. கிராமப் புல எண் மறைந்து, வார்டு, பிளாக், நகரப் புல எண் ஆகியவை அதன் இடத்தைப் பிடிக்கின்றன. பழைய பதிவேட்டில் 'நிபந்தனை' என்று எழுதப்பட்டிருந்த ஒரு சொல் புதிய பதிவேட்டிற்கு வந்து சேராவிட்டால், அந்த நிலத்தின் வரலாறே அறுந்துபோகிறது. பஞ்சமி நிலங்களைப் பற்றிய விவாதத்தை நாம் இந்த இடத்திலிருந்து தொடங்குவது பொருத்தம்.

விளைநிலத்தைக் கட்டடங்களிடமிருந்து காப்பதற்கு அமெரிக்காவில் ஒரு சட்ட ஏற்பாடு உண்டு. நிலத்தின் உரிமையாளர் தமது நிலத்தை வைத்துக்கொண்டே, அதில் மனை பிரித்து விற்கும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறார். அதற்கு ஈடாகப் பணமோ வரிச்சலுகையோ பெறுகிறார். இந்த நிலக்காப்பு உடன்படிக்கை பத்திரத்தில் பதியப்படும். நிலம் யார் கைக்குப் போனாலும் அவரைக் கட்டுப்படுத்தும். 1980இல் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் பண்ணையாளர்களும் சூழலியலாளர்களும் சேர்ந்து தொடங்கிய நில அறக்கட்டளை இதற்கு முன்னோடி. இத்தகைய அறக்கட்டளைகள் நிலத்தை ஆண்டுதோறும் பார்வையிடுகின்றன. நிபந்தனை மீறப்பட்டால் வழக்குத் தொடுக்கின்றன.

இதை அப்படியே இந்தியாவில் நடைமுறைப்படுத்த இயலாது. 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, ஒரு நிலத்தின் மீதான வசதியுரிமை மற்றொரு நிலத்தின் நன்மைக்காகவே இருக்க முடியும். பக்கத்தில் நிலம் இல்லாத ஓர் அறக்கட்டளை அதைப் பெற முடியாது. அதே ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 10இல், சொத்தை மாற்றிக் கொடுப்பதற்கு முற்றான தடை விதிக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது.

ஆனால், நிலத்தோடு ஒட்டிச் செல்லும் நிபந்தனை நமக்குப் புதிதன்று. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்கீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை விளக்கி 1891இல் அறிக்கை அளித்தார். அதைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணையின் வழி, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்க வழி பிறந்தது. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் அதே வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பன நிபந்தனைகள். இவ்வாறு ஒப்படைக்கப்பட்டது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று நில மீட்பு இயக்கங்கள் கூறிவருகின்றன.

இந்நிபந்தனைகள் சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 10ஆல் அடிபடாதா என்று மாணவர்கள் கேட்கலாம். அடிபடா. அரசு வழங்கும் நிலக் கொடையின் நிபந்தனைகள், பிற சட்டங்கள் எவ்வாறிருந்தாலும், எழுதியவாறே செல்லும் என்று 1895ஆம் ஆண்டு அரசுக் கொடைச் சட்டம் கூறிற்று. அச்சட்டம் 2017ஆம் ஆண்டின் நீக்கல் சட்டத்தால் நீக்கப்பட்டபோதும், ஏற்கெனவே ஏற்பட்ட உரிமைகள் காக்கப்பட்டுள்ளன.

எனவே, சட்ட வலிமையில் பஞ்சமி நிபந்தனை அமெரிக்க உடன்படிக்கைக்குக் குறைந்ததன்று. ஆனால், அங்கே நிபந்தனையைக் காக்க ஒருவர் இருக்கிறார், இங்கே இல்லை. காக்க வேண்டிய வருவாய்த்துறையே 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல இடங்களில் அனுபவத்தில் இருந்தவர் பெயருக்குப் பட்டாவை எழுதியது. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். அரசு செய்ய வேண்டிய காவலை மக்கள் செய்யப் புகுந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

அண்டை மாநிலம் வேறு வழி கண்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு ஒப்படைக்கப்பட்ட நிலங்களின் மாற்றத்தைத் தடுக்கக் கர்நாடகம் 1978இல் தனிச்சட்டம் இயற்றியது. நிபந்தனையை மீறிய மாற்றம் செல்லாது. நிலம் மீட்கப்பட்டு உரியவரிடம் சேரும். அரசின் அனுமதி இன்றிப் பதிவு செய்யக் கூடாது. 1984இல் மஞ்சேகௌடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை உறுதி செய்தது. பின்னர், காலம் கடந்த மனுக்களை ஏற்க இயலாது என்று நீதிமன்றங்கள் கூறத் தொடங்கவே, 2023இல் அம்மாநிலம் கால வரம்பை நீக்கித் திருத்தம் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்திற்கெனத் தனிச்சட்டம் இல்லை. பதிவுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான பிரிவு 22-அ, அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம், பூதான நிலம் ஆகியவற்றின் முறையற்ற பதிவைத் தடுக்கிறது. அப்பட்டியலில் பஞ்சமி நிலம் பெயர் சுட்டிச் சேர்க்கப்படவில்லை. சார்பதிவாளர் கண்ணில் படாத நிபந்தனை, வாங்குபவர் கண்ணிலும் படுவதில்லை.

நாம் கோர வேண்டியவை தெளிவானவை. முதலாவது, கர்நாடகத்தைப் போன்ற தனிச்சட்டம். இரண்டாவது, பிரிவு 22-அவில் பஞ்சமி நிலம். வில்லங்கச் சான்றில் நிபந்தனைக் குறிப்பு. மூன்றாவது, நகர அளவை நடந்த பகுதிகளில் பழைய, புதிய எண்களை ஒப்பிட்டுப் பொதுவில் வெளியிடுதல். நான்காவது, ஆண்டுதோறும் நிலத்தைப் பார்வையிட்டு அறிக்கை அளிக்கும், பட்டியலின மக்களின் பிரதிநிதிகள் உள்ள குழு.

ஐந்தாவதும் ஒன்றுண்டு. அமெரிக்கப் பண்ணையாளர் உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடு பெறுகிறார். பஞ்சமி நிலத்தவரோ அடமானம் வைக்க முடியாத நிலத்தை, கிணறும் கடனும் இன்றி உழ வேண்டியிருந்தது. வறட்சியிலும் நோயிலும் அந்நிலம் கைமாறியதில் வியப்பில்லை. ஆகவே தாட்கோ வழியாகக் கடனும் பாசனமும் கிடைத்தால்தான் நிபந்தனை விலங்காகாமல் வேலியாகும்.

சட்டம் வரும்வரை நம் கையிலும் பணி உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 'அ' பதிவேடு, மேம்பாட்டுத் திட்டத்திற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடு, ஒப்படை ஆணை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுப் பெறலாம். நாமக்கல் தோழர்கள் ஒன்றை மறக்கலாகாது: அம்மாவட்டம் 1997இல்தான் பிரிந்தது, அதற்கு முந்தைய பதிவுகளைச் சேலத்திலும் தேட வேண்டும். நிலத்திலிருந்து சட்டத்திற்குப் புறம்பாக வெளியேற்றுவது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எஃப்), (ஜி) ஆகியவற்றின்கீழ்க் குற்றம் என்பதையும் புகார் எழுதும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

2011 மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக உள்ள பட்டியல் சாதியினர், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையே கையாளுகின்றனர். விளைநிலத்தைக் காப்போம் என்று இன்று பலரும் பேசுகின்றனர். யாருடைய நிலத்தை, யாருக்காக என்பதையும் சேர்த்துப் பேசுவதே நம் அரசியல்.