அயல்நகர் மனையும் வாடகை வருவாயும்: இரங்கூன் நகரத்தார் பட்டறிவு

அயல்நாட்டு நகரொன்றில் மனை வாங்கி, அதனை வாடகைக்கு விட்டு, வருவாயைத் தாயகத்திலிருந்தபடியே பெறுதல் அண்மைக்கால நிகழ்வாகவே இன்று பேசப்படுகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2004இல் தனிமனிதர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப இசைவளித்தது. அவ்வரம்பு 2015இல் 2,50,000 டாலராக உயர்ந்தது. துபாய் 2002 முதல் குறித்த பகுதிகளில் அயல்நாட்டவர்க்கு முழு மனையுரிமை வழங்கி வருகிறது. நாளிதழ்களின் முழுப்பக்க விளம்பரங்கள் அந்நகர வாடகையை விழுக்காட்டுக் கணக்கில் எடுத்துரைக்கின்றன. எனினும் தமிழர்க்கு இப்பட்டறிவு புதிதன்று. கடல்கடந்த நகர்களில் தமிழர் கட்டடங்களுக்கு உரியவராய் இருந்து, வாடகை பெற்று, பின் இழந்த வரலாறு ஒன்று உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் இரங்கூன் வாழ்வை முதன்மையாகவும், சிங்கப்பூர், பினாங்கு நகர்களை ஒப்பீட்டிற்காகவும் கொண்டு அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நகரத்தார் குறித்த எழுத்துகளில் இருவேறு சித்திரங்கள் நிலைபெற்றுள்ளன. பர்மியத் தேசிய நினைவு அவர்களை மண்ணைப் பறித்த வட்டிக்காரராகக் காண்கிறது. தமிழ் நினைவோ உழைத்துச் சேர்த்ததை அயலான் பறித்துக்கொண்ட கதையாக அதனைச் சொல்கிறது. அவர்கள் நிலக்கிழாராகும் நோக்கத்துடன் கடல் கடந்தனர் என்பதை இரண்டும் வினவாமலே ஏற்றுக்கொள்கின்றன. வட்டிக்கடையின் அமைப்பை உற்றுநோக்கின் இக்கருத்து ஐயத்திற்கு உரியதாகிறது.

கிட்டங்கியும் மூன்றாண்டுக் கணக்கும்

1852ஆம் ஆண்டுப் போருக்குப்பின் ஆங்கிலேயர் இரங்கூனைச் சதுரங்கக் கட்டங்கள் போன்ற தெருக்களாக வகுத்தனர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. 1850களில் ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப்பர்மாவின் நெற்பரப்பு 1930களில் 90 இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. ஆங்கிலேய வங்கிகள் உழவருக்கு நேரடியாகக் கடன் தரவில்லை. அவ்விடத்தை நகரத்தார் நிரப்பினர். 1929-30ஆம் ஆண்டுகளில் ஆய்வு நிகழ்த்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, நகரத்தார் கடைகள் ஏறத்தாழ 1,650 எனவும் அவர்கள் ஈடுபடுத்திய தொகை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் எனவும் மதிப்பிட்டது.

இத்துணைப் பெருந்தொகையை ஆண்டவர்கள் இருந்த இடம் யாது? இரங்கூன் மொகல் தெருவில் இருந்த கிட்டங்கிகளே. கிட்டங்கி என்பது நீண்ட கூடம். அதில் பல கடைகள் அருகருகே அமைந்தன. ஒரு கடைக்குரிய இடம் என்பது ஒரு கைப்பெட்டி, ஓர் அலமாரி, அமர்ந்து எழுத ஒரு பாய் ஆகியவை கொள்ளும் அளவே. அவ்விடத்திற்கு வாடகை செலுத்தி முகவர் அமர்ந்தார். இரவில் அங்கேயே உறங்கினார். ஊருக்கெல்லாம் கடன் கொடுத்தவர் தாம் ஒரு பாய் அகலத்திற்கு வாடகைக் குடியாக இருந்தார் என்பது நகைமுரண் போலத் தோன்றினும், அத்தொழிலின் தருக்கத்திற்கு முற்றிலும் இயைந்ததே ஆகும். பணம் ஓரிடத்தில் தங்கலாகாது என்பதே அத்தருக்கம்.

மேலாள் எனப்பட்ட முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட்டார். புறப்படுமுன் கணக்கை முடித்து ஐந்தொகை வகுத்து அடுத்து வருபவரிடம் ஒப்படைத்தல் அவர் கடன். முதற்பணம், மேற்பணம், தவணைப்பணம் ஆகிய யாவும் வட்டியோடு பெயர்த்தெழுதத்தக்க எண்களாய் இருந்தன. நடப்பு வட்டி விகிதத்தை நகரத்தார் கோயிலில் கூடி முடிவுசெய்தனர். இவ்வாறு எண்ணும் நம்பிக்கையும் இயக்கிய அமைப்பில் வீடு என்பது இடையூறான பொருள். கூரை ஒழுகும், குடியிருப்பவர் வாடகை தர மறுப்பார், நகராட்சி வரி கேட்கும். மூன்றாண்டு முடிந்தாலும் வீடு முடியாது. தேர்ந்து மனை வாங்கிய முதலாளிகளும் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வட்டிக்கடையின் கணக்குமுறை அவர்களை மனதிற் கொண்டு உருவானதன்று.

பிணையம் உடைமையாதல்

மனை எவ்வாறு அவர்கள் கைக்கு வந்தது? 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய், கராச்சி, இரங்கூன் முதலிய துறைமுக நகர்களுக்கு ஒரு தனிச்சலுகை வழங்கியது. அங்கு மனைப்பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் செல்லும். பதிவலுவலகம் செல்ல வேண்டுவதில்லை. காலையில் பத்திரத்துடன் வருபவர் மாலையில் பணத்துடன் செல்லலாம். நகர வீடு இதனால் எளிய பிணையமாயிற்று. பத்திரம் பெட்டியில் இருந்தவரை நகரத்தார் கடன் கொடுத்தவர் மட்டுமே. கடன் மீளாதபோதுதான் அவர் வீட்டுக்காரரானார்.

இம்மாற்றம் பேரளவில் நிகழ்ந்தது 1930க்குப் பின்னராகும். உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்விலை பாதியளவுக்குச் சரிந்தது. 1930 டிசம்பரில் சாயா சான் கிளர்ச்சி தொடங்கியது. வட்டி வருவது நின்றபோது ஊரில் மேற்பணம் போட்டவர்களுக்கு விடைசொல்ல வேண்டிய முகவர்கள் பிணையத்தை ஏற்பதைத் தவிர வேறு வழி காணவில்லை. வேளாண் நிலம் குறித்துத் தெளிவான எண்கள் உள்ளன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் உடைமை 6 விழுக்காடு, ஏறத்தாழ 5,70,000 ஏக்கர். 1937இல் அது 25 விழுக்காடு, ஏறத்தாழ 24,46,000 ஏக்கர். ஏழே ஆண்டுகளில் நான்கு மடங்கு என்பது எவரும் திட்டமிட்டு வாங்கியதன் வேகமன்று. கடன்கள் ஒருசேர முறிந்ததன் வேகம். நகர மனைகள் வந்தடைந்த வழியும் இதனை ஒத்ததே எனக் கொள்ளலாம்.

நிலத்தை இழந்த பர்மிய உழவனுக்கு இவ்விளக்கம் ஆறுதல் தராது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவன் கண்ட உண்மை ஒன்றே. தன் தந்தை வெட்டித் திருத்திய காட்டுநிலம் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு பெயருக்கு மாறியது. குத்தகையும் அப்பெயருக்கே சென்றது. முன்பு பேரேட்டுக்குள் கண்ணுக்குப் புலப்படாதிருந்த கடன், இப்போது வரப்பாகவும் சுவராகவும் எல்லோர்க்கும் புலப்பட்டது. அரசியல் பகை அப்புலப்பாட்டிலிருந்தே வலுப்பெற்றது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

நகரம் அயலாதல்

இவ்வரலாற்றில் பெரிதும் கவனிக்கப்படாத செய்தி ஒன்றுண்டு. நகரத்தார் மனையுரிமை பெற்றபோது இரங்கூன் அயல்நாட்டு நகரன்று. பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணத் தலைநகர். 1931இல் அதன் 4 இலட்சம் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. வீடு நின்ற இடத்திலேயே நின்றது, நகரம் அயலாயிற்று.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவும் கப்பலிலும் வெளியேறினர். போருக்குப்பின் திரும்பியோர் முன்னிருந்த பர்மாவைக் காணவில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அசையாச் சொத்து அயல்நாட்டவர்க்குக் கைமாறுவதைத் தடுத்தது. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வயல்களைக் கொண்டது. நகர வீடுகள் எஞ்சின. ஆனால் அதே ஆண்டின் நகர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையைக் கட்டியது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, பெற்ற வாடகையை நாட்டைவிட்டுச் செல்ல விடவில்லை. மனை இருந்தது, வாடகையும் வந்தது. அது செட்டிநாட்டை எட்டுவதே அரிதாயிற்று. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் நாட்டுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவையாயின. அதன்பின் வந்து சேர்ந்த பர்மா அகதிகளின் நினைவாகவே சென்னைத் துறைமுகம் அருகே பர்மா பஜார் அப்பெயர் பெற்றது.

இதே மரபினர் இதே முறையில் பெற்ற சிங்கப்பூர், பினாங்குக் கடைவீடுகள் இவ்வாறு பறிபோகவில்லை. எனினும் அங்கும் வாடகை உரியவர் விருப்பப்படி அமையவில்லை. சிங்கப்பூரின் 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல்தான் நீக்கப்பட்டது. மலேசியாவில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிடி 2000 சனவரியில் தளர்ந்தது. அதுவரை போருக்கு முற்பட்ட பல கடைவீடுகளின் வாடகை உறைந்தே கிடந்தது. பினாங்கின் தெருக்கள் பழைமை மாறாதிருந்து 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதற்கு அவ்வுறைவும் ஒரு காரணம். வீட்டுக்காரரின் இழப்பு நகரின் அழகாயிற்று எனலாம்.

தமிழ்ப் புனைவில் இம்மனைகளுக்கு இடம் மிகக் குறைவு. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் பினாங்கின் வட்டிக்கடை வாழ்வு விரிகிறது. அங்கு முன்னிற்பவை கடையும் பெட்டியடியும் மனிதருமே. வீட்டு வாடகை அன்று. கடையில் வளர்ந்தவர் மனதில் செல்வம் எவ்வடிவில் நின்றது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

1947ஆம் ஆண்டுத் தடை 1987இல் புதிய சட்டமாக எழுதப்பட்டது. 2016ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டம் ஒரு கட்டடத்தில் 40 விழுக்காடு வரை அயல்நாட்டவர் வாங்க இசைந்தது. தரைக்குரிய தடை அவ்வாறே நீடித்தது. மொகல் தெரு இன்று சுவேபொந்தா தெரு என வழங்குகிறது.