ஊதியம் பெறாத காவலர்

நம் நாட்டில் 'ரிசர்வ் போலீஸ்' என்ற பெயரைக் கேட்டதும், கலவரம் மூண்ட இடங்களில் வண்டிகளில் வந்திறங்கும் ஆயுதப் படையே நம் நினைவுக்கு வரும். அமெரிக்க நாட்டில் அப்பெயருக்குப் பொருள் வேறு. அங்கே சிறு நகரங்களில் பகலெல்லாம் கடை நடத்துபவர், பள்ளியில் பாடம் சொல்பவர், பட்டறையில் உழைப்பவர் எனப் பலதரப்பட்ட குடிமக்கள், மாதத்தில் சில இரவுகள் காவலர் உடுப்பணிந்து நகரக் காவலில் பங்கு கொள்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு ஊதியம் இல்லை. பல ஊர்களில் உடுப்பையும் தம் கைப்பணத்திலேயே வாங்கிக்கொள்கின்றனர். முப்பது, நாற்பது காவலர்களே உள்ள ஒரு நகரில் திருவிழா ஊர்வலமோ, வெள்ளமோ, பெருந்தீயோ வந்துவிட்டால் இவர்களின்றிப் பணி நடவாது.

பொருள் எதையும் எதிர்பாராமல் ஊருக்கு உழைப்பது போற்றத்தக்கது என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால், காவலன் கையில் இருப்பது பிறரைத் தடுத்து நிறுத்தவும், கைது செய்யவும், வேளை வந்தால் உயிரையே போக்கவும் வல்ல அதிகாரம். விரும்பி வந்தவன் என்ற ஒரே காரணத்திற்காக அவ்வதிகாரத்தை ஒருவனிடம் கொடுக்கலாமா? கொடுப்பதாயின், அதற்குரிய நிபந்தனைகள் யாவை? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை ஈண்டு ஆராய்வோம்.

இம்முறையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே மன்னர் முதலாம் எட்வர்டு 1285-இல் பிறப்பித்த வின்செஸ்டர் சட்டம், ஊர்க் காவலை ஊரார் கடமையாகவே வைத்தது. கோடை தொடங்கி இலையுதிர் காலம் வரை இரவுதோறும் நகர வாயில் ஒவ்வொன்றிலும் ஆறு பேர் காவல் நிற்க வேண்டும். சிற்றூர்களிலும் அதற்கேற்ற எண்ணிக்கையில் ஆட்கள் நிற்க வேண்டும். குற்றவாளி ஓடினால் கூக்குரல் எழுப்பி ஊரே துரத்த வேண்டும். பதினைந்து வயது முதல் அறுபது வயது வரையுள்ள ஆடவர் தத்தம் செல்வத்திற்கேற்ற ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஆணை. சம்பளத்திற்கெனக் காவலரை அமர்த்தும் வழக்கம் நாடெங்கும் பரவுவதற்கு முன்பே, ஊதியம் பெறாத காவலர் இருந்தனர் என்பதை இதனால் அறிகிறோம்.

அக்காவலில் ஊரார் அனைவரும் முறை வைத்து நின்றதால், காப்பவரும் காக்கப்படுபவரும் ஒருவராகவே இருந்தனர். ஆலைத் தொழில் வளர்ந்து நகரங்கள் பெருத்து, செல்வர் ஒருபுறமும் உழைப்பாளர் மறுபுறமுமாக மக்கள் பிரிந்தபோது, தொண்டர் காவலின் தன்மையும் மாறிற்று. ஆபத்து வரும் என்று அஞ்சிய வேளைகளில் நீதிபதிகள் தமக்கு வேண்டியவர்களை அழைத்து, உறுதிமொழி வாங்கி, 'சிறப்புக் கான்ஸ்டபிள்' ஆக்கினர். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டர் நகரின் புனித பீட்டர் திடலில் வாக்குரிமை கேட்டுச் சுமார் 60,000 பேர் திரண்டபோது, நூற்றுக்கணக்கான சிறப்புக் கான்ஸ்டபிள்கள் அங்கே நிறுத்தப்பட்டிருந்தனர். கூட்டத்திற்குள் வாளுடன் முதலில் பாய்ந்த குதிரைப் படையினரும் அந்நகரத்து வணிகரும் ஆலை உரிமையாளரும் சேர்ந்த தொண்டர்களே. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். மாண்டவர்களுள் ஒரு சிறப்புக் கான்ஸ்டபிளும் இருந்தார். தம் பக்கத்தவர் யார் என்று பார்க்கும் நிதானம்கூட அக்குதிரை வீரர்களுக்கு இல்லாமற் போயிற்று!

பின்னர் 1831-இல் இயற்றப்பட்ட சட்டம் இம்முறைக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. கலகம் நிகழ்ந்தாலோ, நிகழுமென்று அஞ்சத்தக்க காரணம் இருந்தாலோ நீதிபதிகள் சிறப்புக் கான்ஸ்டபிள்களை நியமிக்கலாம். நியமிக்கப்பட்டவர் கான்ஸ்டபிளுக்குரிய அதிகாரம் அனைத்தும் பெறுவார். உறுதிமொழி எடுக்க மறுப்பவருக்கு ஐந்து பவுன் வரை தண்டம் விதிக்கலாம். 1848 ஏப்ரல் 10 அன்று இலண்டனில் சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் கூடியபோது, இச்சட்டத்தின்படி பல்லாயிரவர் கைத்தடியுடன் தெருக்களில் நின்றனர். அப்போது அந்நகரில் வாழ்ந்த லூயி நெப்போலியனும் அவர்களுள் ஒருவர். அவ்வாண்டு முடிவதற்குள் அவரே பிரான்சு நாட்டின் தலைவரானார் என்பது வரலாற்றின் விந்தை. அந்நாள் பெருங்குழப்பமின்றிக் கழிந்தது. முதல் உலகப் போருக்குப் பின் 1923-இல் வந்த சட்டம், கலகம் வருமென்ற அச்சம் இல்லாத காலத்திலும் இவர்களை வைத்துக்கொள்ள இடமளித்தது.

இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் இவ்வழக்கத்தைக் கடல் கடந்தும் கொண்டு சென்றனர். பாஸ்டன் நகரில் 1630-களிலேயே இரவுக் காவல் ஏற்பட்டது. ஆபத்துக் காலத்தில் ஷெரீப் என்னும் வட்டாரக் காவல் தலைவர், கண்ணில் பட்டவர்களைத் தம் துணைவராக்கிக்கொள்ளும் வழக்கமும் அந்நாட்டில் வேரூன்றிற்று. அவ்வழக்கம் எத்தகைய கேட்டுக்கு இடம் தரும் என்பதை ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம் காட்டியது.

1920-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் டல்சாவின் மக்கள் தொகை 72,000 அளவே. எண்ணெய்க் கிணறுகளால் செழித்து வந்த அந்நகரின் கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்கள் தமக்கெனக் கடைகளும் விடுதிகளும் செய்தித்தாள்களும் நடத்தி நிமிர்ந்து வாழ்ந்தனர். 1921 மே 31 அன்று டிக் ரோலண்ட் என்னும் கறுப்பின இளைஞர், மின்தூக்கி இயக்கிய வெள்ளையினப் பெண்ணொருத்தியிடம் முறைகேடாக நடந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். அக்குற்றச்சாட்டு அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. ஆனால், அன்று மாலை அவரைப் பிடித்துக் கொல்லும் நோக்குடன் வெள்ளையர் கூட்டம் நீதிமன்றத்தைச் சூழ்ந்தது.

அவ்விரவில் இருசாரார் ஊர்க் காவலுக்கு முன்வந்தனர். முதற்சாரார் கிரீன்வுட்டைச் சேர்ந்த கறுப்பின மக்கள். உலகப் போரில் படைவீரராய்ப் பணியாற்றித் திரும்பியவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் ஆயுதத்துடன் நீதிமன்றத்திற்கு வந்து, கைதியைக் காக்கத் துணை நிற்பதாக அதிகாரிகளிடம் கூறினர், ஏற்கப்படவில்லை. திரும்பிச் சென்றவர்கள் கூட்டம் பெருகியதறிந்து மீண்டும் வந்து கேட்டனர், மீண்டும் மறுக்கப்பட்டனர். அவர்கள் திரும்பும் வேளையில், ஒருவரிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்க நடந்த கைகலப்பில் துப்பாக்கி வெடித்தது, சண்டை மூண்டது. அதன் பின்னர் நகரக் காவல்துறை அதே வெள்ளையர் கூட்டத்திலிருந்து நூற்றுக்கணக்கானோரை, ஐந்நூறு பேர் வரை என்பர், சிறப்புத் துணைவராக்கியது. அவர்கள் யார், எத்தகையோர், சற்று முன் அவர்கள் எதற்காகக் கூடியிருந்தனர் என்று எவரும் ஆராயவில்லை.

மறுநாள் நண்பகலுக்குள் கிரீன்வுட்டின் 35 தெருக்கட்டங்கள் சாம்பலாயின. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி எரிந்த வீடுகள் மட்டும் 1,256. மாண்டவர் 36 பேர் என்று அப்போது அரசுக் கணக்கு கூறிற்று. முந்நூறு வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். 2001-இல் வெளிவந்த ஓக்லஹோமா ஆணைய அறிக்கை, துணைவராக்கப்பட்டவர்களே தீவைப்பிலும் கொலையிலும் ஈடுபட்டதைப் பதிவு செய்துள்ளது. அக்கொடுமைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இங்கே அரபு நூலொன்றின் ஆய்வு நமக்குத் துணை செய்கிறது. பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) மறைந்த சட்ட மேதை இமாம் மாவர்தீ, ஆட்சி நெறிகளைப் பற்றி எழுதிய 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் நூலில், அங்காடியையும் பொது ஒழுங்கையும் மேற்பார்க்கும் 'முஹ்தஸிப்' என்னும் அலுவலரையும், தாமே விரும்பி அப்பணியைச் செய்யும் 'முததவ்விஃ' என்னும் தொண்டரையும் ஒப்பிட்டு ஒன்பது வேறுபாடுகளை எண்ணிக் காட்டுகிறார். அலுவலருக்கு அப்பணி தப்பாத கடமை. தொண்டருக்கோ பிறர் செய்தால் நீங்கிவிடும் பொதுக் கடமை. முறையிட்டு வருவோருக்கு அலுவலர் செவிசாய்த்தே ஆகவேண்டும். தொண்டருக்கு அக்கட்டாயம் இல்லை. வெளிப்படையான தவறுகளை அலுவலர் தேடி ஆராய வேண்டும்; தொண்டருக்கு அது விதியன்று. அலுவலர் உதவியாட்களைத் திரட்டலாம், வரம்புக்குட்பட்டுத் தண்டிக்கலாம், பொதுக் கருவூலத்திலிருந்து ஊதியம் பெறலாம். இம்மூன்றும் தொண்டருக்கு இல்லை.

முஹ்தஸிபும் இன்றைய காவலரும் ஒருவரே என்று நாம் கூறவில்லை. அக்காலத்தில் காவல் பணிக்கு 'ஷுர்தா' என்ற தனித்துறை இருந்தது. எனினும் இவ்வேறுபாடுகளைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒரு நியதி புலப்படும். அதிகாரமும் கட்டுப்பாடும் இணைந்தே செல்கின்றன. தண்டிக்கும் உரிமை பெற்றவர், முறையீட்டைக் கேட்க மறுக்கும் உரிமையை இழக்கிறார். விரும்பியபோது பணியை விட்டுச் செல்லும் உரிமையுடையவர், பிறர் மேல் கைவைக்கும் உரிமையைப் பெறுவதில்லை. டல்சாவில் 1921-இல் நிகழ்ந்த கேடு யாதெனில், அலுவலரின் கையும் தொண்டரின் கட்டின்மையும் ஒரே ஆளிடம் சேர்க்கப்பட்டதே. முறையிட வந்தோருக்குச் செவிசாய்க்கும் கடமை அவர்களுக்கு விதிக்கப்படவில்லை. சுடுவதற்கு மட்டும் இசைவு கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 மே மாதம் அமெரிக்க அரசு குடிமக்கள் பாதுகாப்பு அலுவலகத்தை நிறுவியது. அதன் கீழ் ஊர்தோறும் துணைக் காவலர்கள் சேர்க்கப்பட்டனர். போர் முடிந்த பின்னரும் பல நகரங்கள் இத்தகைய தொண்டர்களை விட்டுவிட மனமின்றி நிலையான அமைப்புகளை ஏற்படுத்தின. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1947-இல் தன் ரிசர்வ் படையை அமைத்தது. நாளடைவில் பயிற்சிக்கும் சட்டம் வகுக்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலத்தில் ரிசர்வ் அதிகாரிகள் மூன்று நிலையினர். ஊர்வலப் பாதுகாப்பு, போக்குவரத்து ஒழுங்கு போன்ற துணைப்பணிகள் மட்டும் செய்வோர் மூன்றாம் நிலை. முழுப் பயிற்சி பெற்ற அதிகாரியின் நேரடி மேற்பார்வையில் பணியாற்றுவோர் இரண்டாம் நிலை. தனித்துச் சுற்றுக்காவல் செல்லத்தக்கவர் முதல் நிலை. அந்நிலைக்கு உயர விரும்புவோர், ஊதியம் பெறும் காவலருக்குரிய அடிப்படைப் பயிற்சியையே முடித்திருக்க வேண்டும். அதிகாரம் கூடக் கூடப் பயிற்சியும் கூடுகிறது. பயிற்சி குறைந்த இடத்தில் மேற்பார்வை நெருங்குகிறது. மாவர்தீயின் நூலில் நாம் கண்ட நியதிக்கு இவ்வேற்பாடு வெகு அண்மையில் நிற்கிறது.

ஆயினும் சட்டம் ஏட்டில் இருப்பதும் நடப்பில் இருப்பதும் ஒன்றாகிவிடுவதில்லை. 2015 ஏப்ரல் 2 அன்று, அதே டல்சாவில், ஷெரீப் அலுவலகத்தின் ரிசர்வ் துணைவர் ஒருவர், பிடிபட்டுத் தரையில் அழுத்தப்பட்டிருந்த ஒரு மனிதரைச் சுட்டுக் கொன்றார். மின்னதிர்ச்சிக் கருவி என்று எண்ணிக் கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டதாக அவர் கூறினார். அவர் காப்பீட்டுத் தொழில் நடத்திய 73 வயதுச் செல்வர், அவ்வலுவலகத்திற்கு வண்டிகள் வாங்கிக் கொடுத்தவர், ஷெரீபின் நண்பர். அவருடைய பயிற்சியைப் பற்றி 2009-லேயே அலுவலகத்தின் உள் விசாரணை ஐயம் எழுப்பியிருந்தும், அவர் பணியில் நீடித்தார். 2016-இல் நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுச் சிறை விதித்தது. ஷெரீபும் அதற்கு முன்பே பதவி விலக நேர்ந்தது. 1921-இல் அவசரம் வாயிலைத் திறந்து விட்டது. 2015-இல் நட்பும் நன்கொடையும் திறந்து விட்டன.

நம் நாட்டிலும் இத்தொண்டு உண்டு. 1946 டிசம்பர் 6 அன்று பம்பாயில் ஊர்க்காவல் படை தோன்றியது. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் அது நாடெங்கும் ஒரே சீராக விரிவடைந்தது. தமிழகத்தில் 1963-இல் அதற்கெனச் சட்டம் வந்தது. தேரோட்டத்திலும் சந்தனக்கூட்டிலும் தேர்தல் நாளிலும் நம்மை வழிப்படுத்தும் அவ்விளைஞர்களை வாசகர்கள் கண்டிருப்பர். இங்கிலாந்திலோ சிறப்புக் கான்ஸ்டபிள்களின் தொகை 2012-இல் இருபதாயிரம் அளவு இருந்தது. 2024-இல் ஏழாயிரத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. தொண்டர் குறைவது எந்த ஊருக்கும் இழப்பே. தம் தெருவைச் சேர்ந்தவனே காவலுக்கு நிற்கும்போது மக்களுக்கு அச்சம் குறைகிறது. காவல் நிலையத்தின் உள்நடப்பை அறிந்த ஒரு சாட்சியும் ஊருக்குக் கிடைக்கிறது.

ஆகவே இம்முறை வேண்டாம் என்பது நம் முடிபன்று. வின்செஸ்டர் சட்டத்தின் காலத்தில் ஊரார் அனைவரும் முறை வைத்து நின்றதுபோல், எல்லாத் தெருவினரும் எல்லாச் சமூகத்தினரும் அதில் இடம்பெற வேண்டும். நாட்டைக் காத்துத் திரும்பிய வீரர்களை நீதிமன்ற வாயிலில் நிராகரித்துவிட்டு, எதிரே நின்ற கூட்டத்துக்கு அடையாள வில்லை வழங்கிய டல்சாவின் இரவு எந்நகருக்கும் வரலாகாது. உடுப்பணியும் இளைஞன், அவ்வுடுப்பு தன் மீது சுமத்தும் கடமைகள் எவை, தன் செயலுக்கு எவரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பவற்றை உறுதிமொழி எடுக்கும் முன்பே கேட்டறிய வேண்டும். அவ்வினாக்களுக்குத் தெளிவான விடை கூறாத அலுவலகம், அவனுக்கு வில்லையை வழங்கும் தகுதியை இன்னும் பெறவில்லை என்றே நாம் கொள்கிறோம்.