கொக்கோ மணமும் நம்மவர் கரமும்

மலைநாடு என்றதும் எவர்க்கும் தேயிலையே நினைவில் வரும். ஆயினும், நம் முன்னோரின் வியர்வை தேயிலைத் தூரில் மட்டும் விழவில்லை. நம் பிள்ளைகள் விரும்பி அருந்தும் மைலோவிலும், பிறந்தநாள் கேக்கிலும் கமழ்கின்ற கொக்கோவுக்கும் இம்மலைநாட்டில் ஒரு வரலாறு உண்டு. அதனை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

கொக்கோ மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. மெக்சிக்கோவின் பண்டை மக்கள் அதன் விதையை அரைத்து, மிளகாயும் சேர்த்துக் கசப்புப் பானமாக அருந்தினர். 16ஆம் நூற்றாண்டில் அதனை அறிந்த ஸ்பானியர் சர்க்கரை சேர்த்து இனிப்பாக்கினர். 1828இல் ஒல்லாந்து தேசத்து வான் ஹூட்டன் குடும்பத்தார் விதையின் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றனர். எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்ததே கொக்கோத் தூள். செல்வரின் பானம் அதன் பின்னரே எளியோர் கோப்பைக்கும் வந்தது. 1934இல் ஆஸ்திரேலியாவில் தோமஸ் மெய்ன் என்பார் ஆக்கிய மைலோ இவ்வழி வந்ததேயாம்.

நிற்க. இலங்கையில் 1869இல் கோப்பிச் செடியின் இலைகளில் பூஞ்சண நோய் தோன்றிற்று. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுள் கோப்பித் தொழில் வீழ்ந்தது. துரைமார் சிங்கோனா, கொக்கோ, தேயிலை என்பவற்றை நாடினர். அட்டன், நுவரெலியா முதலிய உயர்ந்த மலைகள் தேயிலைக்கு உகந்தவையாயின. குளிர் தாங்காத கொக்கோவோ தாழ்ந்த மாத்தளையிலும் தும்பறைப் பள்ளத்தாக்கிலும் வேரூன்றியது. மாத்தளை நமக்குப் புதிய ஊரன்று. கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக வந்து, வாந்திபேதிக்குப் பலரைப் பறிகொடுத்த நம்மவர்க்கு அதுவே மலைநாட்டின் வாயில். கொக்கோத் தோட்டங்களில் அவர் வழியினரும் சிங்களக் கிராம மக்களும் உழைத்தனர்.

ஈண்டு ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். பச்சைக் கொக்கோ விதையில் நாமறிந்த மணம் இல்லை. கசப்பும் துவர்ப்புமே உண்டு. பழத்தை உடைத்து, வெண்சதையோடு விதைகளைக் குவித்து மூடி, சில நாள் புளிக்க வைத்து, இடையிடையே கிளறி, பின்னர் உலர்த்தினால்தான் மணத்துக்கு அடித்தளம் அமையும். வறுக்கும்போது அது முழுமையாக வெளிப்படும். புளித்த விதையைக் கழுவி உலர்த்துதல் இலங்கைத் தோட்டங்களின் வழக்கமாக இருந்தது. ஆகவே அம்மணம் இயற்கையின் கொடை மட்டுமன்று. குவித்த, கிளறிய, கழுவிய கரங்களின் ஆக்கமுமாகும். தகரப் பேணியில் ஆலையின் பெயர் உண்டு. அக்கரங்களின் பெயர் இல்லை.

2024இல் மேற்கு ஆபிரிக்காவில் விளைச்சல் குன்றவே, உலகச் சந்தையில் ஒரு தொன் கொக்கோவின் விலை 10,000 அமெரிக்க டொலரைக் கடந்தது. உலகம் அதன் விலையை நன்கறியும். அதன் பின்னுள்ள உழைப்பை அறிவிப்பது நம் கடமையன்றோ?

இளைஞர்காள்! மாத்தளை, உக்குவளைப் பக்கத்து உறவினரிடம் சென்று கொக்கோக் களத்தின் கதைகளைக் கேட்டு எழுதுங்கள். பெரியோர்களே, நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள். தேயிலையின் வரலாற்றோடு இதுவும் நம் ஏட்டில் இடம்பெறுவதாக.