தோதவ மொழி: ஒலியும் எழுத்தும்

நீலகிரியில் எருமை மேய்த்து வாழ்ந்த தோதவர் பேசும் தென்திராவிட மொழி. கோத்தர் மொழிக்கு நெருங்கிய உறவு. பேசுவோர் இரண்டாயிரம் பேர் அளவே. இதற்கெனத் தனி எழுத்து இல்லை. இனப்பெயரையே தமிழில் தோடர், தொதவர், தோதவர் என்று பலவாறு எழுதுகிறோம். அவர்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் 'ஓள்' போல ஒலிக்கும். நம் 'ஆள்' என்ற சொல்தான் அது.

1603இல் மலையேறிய ஏசு சபைப் பாதிரியார் ஃபெனிசியோ தோதவரைப் பற்றி எழுதி வைத்தார். கால்டுவெல் 1856இல் இம்மொழியைத் திராவிடக் குடும்பத்தில் சேர்த்தார். ஜி. யு. போப்பின் சுருக்கமான இலக்கணம் 1873இல் தோதவர் பற்றிய மார்ஷலின் நூலோடு வந்தது. ஆனால் ஒலிகளைக் காது கொடுத்துக் கேட்டுப் பிரித்தவர் மொழியியலாளர் மரே எமனோ. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்த அவர், தோதவர் பாடல்களை 1971இலும் இலக்கணத்தை 1984இலும் வெளியிட்டார். அரை நூற்றாண்டு ஒரு சிறு மொழிக்காக உழைத்த அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டவர்கள்.

சொல்லிறுதி உயிர் தேய்ந்ததும், ஆகாரம் ஓகாரமானதும் இம்மொழியின் பழைய மாற்றங்கள். காசு 'கோஸ்' ஆயிற்று, பால் 'போஸ்', பாஷை 'போஷ்'. முதல் இரண்டையும் தமிழில் ஒரே ஸகரத்தால் எழுதுகிறோம். தோதவருக்கோ அவை வேறு வேறு. காசுக்கு நாக்கு பல்லை ஒட்டும், பாலுக்கு அதன் நுனி ஈறுக்கு ஏறும். இம்மூன்றோடு, நாவை மடித்து ஒலிக்கும் நான்காவது ஒலியும் உண்டு. உயிர்கள் எட்டு, குறில், நெடில் என்று எண்ணினால் பதினாறு. மூச்சை மட்டும் விட்டு ஒலிக்கும் லகர, ளகரங்களும் இருக்கின்றன.

மிகவும் வியப்பூட்டுவது ரகரம். நம் கடைத்தெருவில் அரம் என்றாலும் அறம் என்றாலும் காதுக்கு ஒன்றே. தோதவத்தில் மூன்று ரகரங்கள். ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயல் ஏறிய இணை உண்டு, ஆக ஆறு. 'கர்' என்று நாம் எழுதக்கூடியது, ரகரம் மாறினால் சாறு, துணியின் ஓரம், கன்றுப்பட்டி என மூன்று சொற்களாகும். இதை ஒலியியலாளர்கள் ஸ்பாயிச், லடிஃபோகட், பாஸ்கரராவ் மூவரும் 1996இல் கருவிகளால் அளந்து காட்டினர்.

இவ்வொலிகளை எழுத எமனோ கையாண்ட குறியீடுகள் நுட்பமானவை, ஆனால் அறிஞர் மேசையோடு நின்றவை. தோதவப் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தமிழ் எழுத்து. அதில் ஆறு ரகரங்களுக்கு இருப்பது இரண்டு எழுத்து. புள்ளியோ கோடோ சேர்த்து அவற்றைப் பெருக்கிக்கொள்ளலாம். எந்தப் புள்ளி, எங்கே என்பதைத் தோதவரே முடிவு செய்ய வேண்டும். தாமதிக்க நேரமில்லை: மிகக் கடுமையான அழிவுநிலையில் உள்ளதாக யுனெஸ்கோ இம்மொழியைப் பட்டியலிட்டிருக்கிறது.