வாசல் தாண்டாத வீட்டுப் பலகாரம்: ஹாலோவீன் வரலாறு சொல்லும் பாடம்

ஒரு வீட்டு அடுப்பில் செய்த பலகாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது என்று ஒரு சமுதாயம் எப்போது முடிவு செய்கிறது? ஏன் முடிவு செய்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவோருக்கு அமெரிக்காவின் ஹாலோவீன் கொண்டாட்டம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 31ஆம் தேதி இரவு அங்கே பிள்ளைகள் பேயாகவும் சூனியக்காரியாகவும் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டுகிறார்கள். கதவைத் திறப்பவர் தருவது பெரும்பாலும் தொழிற்சாலையில் உறையிடப்பட்ட மிட்டாய்தான். வீட்டில் சுட்ட பிஸ்கட்டையோ கேக்கையோ முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்தால், பல பெற்றோர் அதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஆனால், இந்த விழா தொடங்கியதே வீட்டுப் பலகாரத்தில்தான்.

பிரார்த்தனைக்கு ஒரு பலகாரம்

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை ‘சௌவின்’ என்று கொண்டாடினார்கள். பிற்காலத்தில் கிறிஸ்துவத் திருச்சபை நவம்பர் 1ஆம் தேதியைப் புனிதர்கள் அனைவரின் திருநாளாகவும், நவம்பர் 2ஆம் தேதியை இறந்தோர் நினைவு நாளாகவும் ஏற்படுத்தியது. புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்னும் பொருள்படும் சொல்லே சுருங்கி ஹாலோவீன் ஆனது.

இந்நாள்களில் இங்கிலாந்தின் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகப் போவார்கள். வீட்டார் ‘ஆன்மா கேக்’ எனப்படும் சிறிய வட்டமான கேக்கைத் தருவார்கள். அதைப் பெற்றுக்கொண்டவர் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்ய வேண்டும். ஆக, அது பிச்சையும் அல்ல, பரிசும் அல்ல. இரு வீட்டாருக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கல் எனலாம்.

அயர்லாந்துத் தாய்மார்களோ ‘பார்ம்பிராக்’ என்ற உலர்பழ ரொட்டியைச் சுட்டார்கள். மாவுக்குள் ஒரு மோதிரம், ஒரு நாணயம், ஒரு துண்டுத் துணி ஆகியவற்றை வைத்துச் சுடுவது வழக்கம். மோதிரம் கிடைத்தவருக்கு விரைவில் திருமணம், நாணயம் கிடைத்தவருக்குச் செல்வம், துணி கிடைத்தவருக்கு வறுமை என்று சொல்லி வீடே சிரிக்கும்.

டர்னிப்பிலிருந்து பரங்கிக்காய்க்கு

கைவினையும் அதே வீட்டில்தான் பிறந்தது. டர்னிப் கிழங்கின் மேல்பகுதியை வெட்டி, உள்ளே குடைந்து, கோரமான முகம் செதுக்கி, மெழுகுவர்த்தித் துண்டை ஏற்றி வைத்தார்கள். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் உள்ள தேசிய அரும்பொருளகத்தின் கிராம வாழ்க்கைப் பிரிவில் இப்படிப்பட்ட ஒரு விளக்கின் வார்ப்பு இன்றும் காட்சிக்கு இருக்கிறது. ஒடுங்கிய கண்களும் ஒருசில பற்களுமாக உள்ள அந்த முகத்தைப் பார்த்தால், இன்றைய பரங்கிக்காய் முகங்கள் குழந்தை முகமாகத் தோன்றும்.

1845ஆம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தில் ஏறக்குறைய பத்து லட்சம் உயிர்களைப் பலி கொண்டது. மேலும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே டர்னிப்பை விடப் பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் பரங்கிக்காய் கிடைத்தது. பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துக் காய். ‘பரங்கியர்’ வழியே வந்த காய் என்பதை நம் தமிழ்ப் பெயரே சொல்லிவிடுகிறது.

அமெரிக்கச் சமையலறைகளில் சோளப்பொரி உருண்டையும் பிரபலமானது. நம்மவர் திருக்கார்த்திகைக்குப் பிடிக்கும் பொரி உருண்டைக்கும் அதற்கும் செய்முறையில் பெரிய வேறுபாடு இல்லை. கரும்புப் பாகைப் பதமாகக் காய்ச்சி, சோளப்பொரியின் மேல் ஊற்றி, கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு சூடு ஆறும் முன்பே உருட்டிவிட வேண்டும்.

காகிதம் விற்ற புத்தகம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியாபாரிகள் இந்த வீட்டு விழாவைக் கவனித்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டென்னிசன் நிறுவனம் கிரேப் காகிதம் தயாரித்து வந்தது. 1909இல் அந்நிறுவனம் ‘போகி புக்’ என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டது. கறுப்புப் பூனை, ஆந்தை, வௌவால் ஆகியவற்றைக் காகிதத்தில் வெட்டுவது எப்படி, மேசையை அலங்கரிப்பது எப்படி, காகிதத்தில் உடை தைப்பது எப்படி என்றெல்லாம் அது கற்றுக் கொடுத்தது. காகிதம் விற்க வேண்டும் என்பதே நிறுவனத்தின் நோக்கம். ஆயினும், வேலையைச் செய்தவை வீட்டிலிருந்த கைகளே. ஹாலோவீன் என்றதும் கறுப்பும் ஆரஞ்சும் நினைவுக்கு வருவதில் இத்தகைய புத்தகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

குறும்பை அடக்கிய இனிப்பு

அக்காலத்தில் ஹாலோவீன் இரவு குறும்புக்கார இளைஞர்களின் இரவாகவும் இருந்தது. வேலிக் கதவுகளைக் கழற்றுவது, வண்டிகளைக் கூரையில் ஏற்றுவது என்று தொடங்கிய விளையாட்டு, நகரங்களில் சேதத்தில் முடிந்தது. மினசோட்டா மாநிலத்தின் அனோகா நகரம் 1920இல் ஊர்வலம் ஒன்றை நடத்தி இளைஞர்களைத் திசை திருப்பியது. 1930களின் பொருளாதார மந்த காலத்தில் சேதம் அதிகரிக்கவே, பல ஊர்களில் அண்டை அயலார் கூடி, பிள்ளைகளை வீடு வீடாக வரவழைத்துத் தின்பண்டம் கொடுத்தார்கள். ‘விருந்து தருகிறாயா, வம்பு செய்யட்டுமா’ என்று கேட்கும் பழக்கம் இப்படித்தான் வேர் பிடித்தது.

இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் 1947 வரை அமெரிக்காவில் சர்க்கரைக்குப் பங்கீடு இருந்ததால் கொண்டாட்டம் அடங்கியது. பங்கீடு நீங்கியதும் அது மீண்டும் பெருகியது. 1950களில் பிள்ளைகளின் பையில் வீட்டுப் பிஸ்கட், சோளப்பொரி உருண்டை, ஆப்பிள், கடலை, சில்லறைக் காசு எல்லாம் விழுந்தன. 1950இல் பிலடெல்பியா வட்டாரப் பிள்ளைகள் காலிப் பால் பெட்டிகளை அலங்கரித்து எடுத்துக்கொண்டு போய், உலகக் குழந்தைகளின் நலனுக்காக 17 டாலர் திரட்டினார்கள். யுனிசெஃப் அமைப்புக்குப் பிள்ளைகள் நிதி திரட்டும் பெரிய இயக்கம் அந்தப் பால் பெட்டிகளிலிருந்து வளர்ந்ததே.

பிளேடு புகுந்த ஆப்பிள்

1960களின் இறுதியில் ஒரு பயம் பரவியது. ஆப்பிளுக்குள் சவர பிளேடு, மிட்டாய்க்குள் விஷம் என்று பத்திரிகைகள் எச்சரித்தன. 1968இல் நியூஜெர்சி மாநிலம் ஆப்பிளில் கூரிய பொருளை ஒளித்து வைப்போருக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் சட்டத்தையே கொண்டுவந்தது. 1974இல் டெக்சாஸ் மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஹாலோவீன் மிட்டாயில் கலந்த சயனைடால் இறந்தான். விஷம் வைத்தவர் அந்நியர் அல்லர். காப்பீட்டுப் பணத்துக்காகப் பெற்ற தந்தையே செய்த கொலை அது. 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

1982 செப்டம்பர் இறுதியில் சிகாகோ வட்டாரத்தில் யாரோ கடை மாத்திரைகளில் சயனைடைக் கலந்ததால் ஏழு பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே ஹாலோவீன். நாடே நடுங்கியது. தொழிற்சாலையில் உறையிட்ட பண்டத்தால் நேர்ந்த மரணங்களுக்கும் சேர்த்துப் பழியைச் சுமந்தது என்னவோ வீட்டுப் பலகாரம்தான்! வாங்கி வந்த மிட்டாய்களைச் சில மருத்துவமனைகள் எக்ஸ்ரே எடுத்துக் கொடுக்கவும் முன்வந்தன.

இந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டா? சமூகவியல் பேராசிரியர் ஜோயல் பெஸ்ட் 1958 முதல் வெளியான பத்திரிகைச் செய்திகளைத் தேடிப் பார்த்து, 1985இல் தம் ஆய்வை வெளியிட்டார். பெரும்பாலான சம்பவங்கள் புரளி; சில பிள்ளைகளே செய்துகொண்ட விளையாட்டு. ஹாலோவீன் அன்று முன்பின் தெரியாதவர் எழுந்தமானமாகக் கொடுத்த பண்டத்தால் ஒரு பிள்ளை இறந்ததாகவோ கடுமையாகக் காயமுற்றதாகவோ உறுதியான சான்று ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. 1975 முதல் 2016 வரையிலான சாலை விபத்துகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 விழுக்காடு அதிகம் என்று காட்டியது. மிட்டாய் உறையைத் துருவிப் பார்த்த பெற்றோர், பிள்ளை சாலையைக் கடப்பதைக் கவனித்திருந்தால் சில உயிர்கள் மிஞ்சியிருக்கும்.

எஞ்சியிருப்பது என்ன?

வீட்டுப் பலகாரம் வாசல் தாண்டாமல் நின்றாலும், கைவேலை நிற்கவில்லை. பரங்கிக்காய் இன்றும் வீட்டு மேசையில்தான் செதுக்கப்படுகிறது. 2014இல் அமெரிக்காவில் உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்கான அமைப்பு ஒன்று, பரங்கிக்காய்க்கு நீலப்பச்சை வண்ணம் தீட்டி வாசலில் வைக்கும் இயக்கத்தை நாடு முழுவதும் பரப்பியது. அந்த வண்ணத்தைப் பார்த்தால், கடலையோ பாலோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் இங்கே ஒரு சிறு பொம்மையோ பென்சிலோ உண்டு என்று பொருள். அயல்வீட்டுப் பிள்ளையை மனத்தில் வைத்துச் செய்யும் பழைய வேலையின் புதிய வடிவம் இது.

முன்னாளில் ஆன்மா கேக்கை வாங்கியவருக்கு அதைச் சுட்டவர் யார் என்று தெரியும். அவருடைய வீட்டில் இறந்தவர் யார் என்பதும் தெரியும். அந்தப் பழக்கம் குறைந்த பிறகுதான் ஒரு புரளி அடுப்பையே சந்தேகிக்க வைத்தது. பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை பிடிக்கக் கற்றுத்தரும் பெற்றோர், அவர்களைக் கையோடு அழைத்துப் போய்ப் பக்கத்து வீட்டாரிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தவும் வேண்டும். அறிமுகமான வீட்டிலிருந்து வரும் தட்டை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை.